காவலும் கார்டும்

இந்த டெல்லி ஆர்.கே.புரத்தில் எந்தக் குடியிருப்பின் வாயிலில் நிற்பவரானாலும் அவருக்குப் பெயர் பல. இந்திக்காரருக்கு அவர் சௌக்கிதார், இல்லாவிட்டால் கார்ட் சாப். நம் வீடுகளில் வாட்ச்மேன். தமிழ் மேடையில் மட்டும் காவலாளி. இவற்றுள் ‘கார்டு’ என்பதைக் கண்டதும் நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். முதலெழுத்து ‘கா’, பொருளும் காப்பதுதான். அப்படியானால் அது நம் ‘காத்த’லின் பிள்ளைதானே என்று எழுதிவிடத் தோன்றும். அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பதைத்தான் இந்தத் தலைமை உரையின் வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கார்டின் ககரம் பிறவியில் வந்ததல்ல. பழைய ஜெர்மானிய மொழிகளில் அந்தச் சொல் வகரத்தில்தான் தொடங்கியது. ஏறக்குறைய ‘வார்டு’ என்ற ஒலி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக, அம்மொழிகளுள் ஒன்றைப் பேசிய பிராங்குகள் இன்றைய பிரான்ஸின் பெரும்பகுதிக்கு ஆண்டைகளானார்கள். அங்கே லத்தீன் பேசியவர்களுக்குக் காப்பதைச் சொல்லச் சொல் இல்லாமலில்லை. ஆனாலும் வாளும் வாயிலும் யார் கையிலோ அவர்களுடைய சொல்தான் புழங்கியது. அந்த வகரம் உள்ளூர் நாக்குக்கு வளையவில்லை. முன்னால் ஒரு ககரத்தை முட்டுக்கொடுத்து ‘குவா’ என்றார்கள். பிரெஞ்சில் வகரம் பின்னர் தேய்ந்துபோக, முட்டுமட்டும் நின்றது. வடக்கே நார்மண்டியிலும் பிக்கார்டியிலும் பழைய வகரம் தங்கியிருந்தது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர் வகர வடிவத்தோடு போனார்கள். பின்னால் பாரிஸ் பிரெஞ்சு ககர வடிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனால் ஹாஸ்டல் வார்டனும், பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் கார்டியனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மின்விசிறிப் பெட்டிக்குள் கிடக்கும் வாரண்டி அட்டையையும், கடைக்காரர் வாயால் தரும் கேரண்டியையும் பாருங்கள். அவை வேறொரு சொல்லின் பிள்ளைகள், ஆனால் அதே பிளவு. ஆங்கிலேயரின் வில்லியம் பிரெஞ்சுக்காரருக்குக் கியோம். இத்தனை இடங்களில் ஒரே மாற்றம் நேர்ந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

‘அந்த வகரத்துக்கும் முன்னால் தமிழ்க் ககரம் ஒன்று இருந்து உதிர்ந்திருக்கலாமே?’ என்று கேட்கலாம். நம் பக்கத்துச் சாட்சிகளை விசாரித்தாலே இது நிற்காது. தமிழில் கா, மலையாளத்தில் காக்க, கன்னடத்தில் காயு, தெலுங்கில் காவலி. கார்டில் உள்ள ரகரத்தின் சுவடு இவற்றில் எங்குமில்லை. ‘காத்த’ என்பதிலுள்ள தகரம் இறந்தகால இடைநிலை. அதை எடுத்துக் கார்டின் டகரத்தோடு ஒட்டுவது, சட்டைப் பொத்தானைக் காட்டி இருவரும் அண்ணன் தம்பி என்பது போல.

இதைவிடக் கனமான மறுப்பு பொருளைக் காட்டி வரும். நாம் காவல் இருப்பதிலிருந்து ‘காத்திரு’ என்றோம். கன்னடக் ‘காயு’வுக்கும் காத்தல், காத்திருத்தல் இரண்டும் பொருள். ஆங்கில ‘வெயிட்’டும் கண்விழித்துக் காவல் பார்ப்பதைக் குறித்த ஜெர்மானியச் சொல்லொன்று வட பிரான்ஸ் வழியாக வந்ததுதான். நமக்குக் காவலன் என்றால் அரசன். ‘லார்டு’ என்பதைப் பழைய ஆங்கிலத்தில் பிரித்தால் ரொட்டிக் காவலன். இவ்வளவு ஒற்றுமை உறவில்லாமல் வருமா? வரும். இரவில் களத்துமேட்டில் நெல் காப்பவனுக்கு எந்த நாட்டிலும் வேலையில் பாதி விடியலுக்குக் காத்திருப்பதுதான். சோற்றுக்குக் காவல் நிற்பவன் சோறு போடுபவனாக உயர்வதும் அப்படியே. கன்னடத்துக்கும் நமக்கும் உள்ளது தாய்வழிச் சொத்து. ஐரோப்பாவுக்கும் நமக்கும் உள்ளது தொழில் ஒற்றுமை. ஒலி ஒத்துவராத இடத்தில் பொருளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதில் பயனில்லை.

ஒற்றுமையை விட வேற்றுமைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. அந்த வகரச் சொல் இத்தாலியில் வெறுமனே ‘பார்’ என்றாகிவிட்டது. ஸ்பெயினில் ‘எடுத்து வை’ என்றானது. நம் ‘கா’ பார்வையின் பக்கம் போகவேயில்லை. அது கட்டின் பக்கம் போனது: திருவிழாவுக்குக் கையில் கட்டும் மஞ்சள் காப்பு, குழந்தைக்குப் போடும் வெள்ளிக் காப்பு, நூலின் தலைமாட்டில் காப்புச் செய்யுள். இன்னொரு கிளை வரியாகப் படர்ந்தது. சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் பாடிகாவல் ஊரார் செலுத்தும் ஒரு கடமை. 18ஆம் நூற்றாண்டில் தெற்கத்திப் பாளையக்காரர்கள் தேசகாவல், ஸ்தலகாவல் என்று பணம் வாங்கினார்கள்; காப்பதும் பறிப்பதும் அந்தச் சொல்லுக்குள் எங்கே பிரிந்தன என்பது கட்டியவர்களுக்குத்தான் வெளிச்சம்.

காக்கும் சொல்லுக்கு அந்தஸ்தைத் தந்ததும் பறித்ததும் அகராதி அல்ல, உத்தியோகம். ‘ஸ்டூவர்டு’ என்றால் வீட்டுக் காவலன். ஸ்காட்லாந்தில் அந்தப் பதவியை வகித்த குடும்பம் 1371இல் அரியணை ஏறியது, பதவிப் பெயரே வம்சப் பெயரானது. நம் காவலன் எதிர்த்திசையில் இறங்கினான்: பழம்பாட்டில் மன்னன், இன்று இரண்டாம் நிலைக் காவலர். ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்த கார்டுக்கு அந்தப் பெயரே இப்போது இல்லை. 2022இல் ரயில்வே அவரை ‘டிரெயின் மேனேஜர்’ ஆக்கிவிட்டது. பச்சைக் கொடி அசைப்பவர் அதே ஆள்தான்.