செக்ரோலில் பேர் இல்லாதவர்கள்

(முதியோர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒக்டோபர் முதலாம் திகதி ஒன்றாகவே வருகின்றன. பிள்ளைகளுக்குப் பலூனும் இனிப்பும் கொடுத்தாயிற்று. இனிப் பெரியவர்களைப் பற்றி, அதிலும் கொரோனாக் காலத்தில் அவர்கள் பட்டதைப் பற்றிப் பேசுவோம்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. நாங்கள் மலைக்குப் போனோம், பெரியவர்கள் காம்பராவில் இருந்தார்கள். வயதானவர்களுக்கு அந்த நோய் கடுமையானது என்பது உண்மைதான். இந்த நாட்டில் கொவிட்டால் இறந்தவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆனால் ஒரு காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் லயத்தில், "எட்ட இருங்க" என்றால் எங்கே இருப்பது? இஸ்தோப்பு மூலையில் ஒரு சாக்கை விரித்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர்! கோயிலுக்குப் போக முடியாது. பக்கத்து லயத்தில் தேத்தண்ணி குடித்துக் கதைக்க முடியாது. நாற்பது வருடம் ஒன்றாகக் கொழுந்து எடுத்தவள் செத்தால், சாவு வீட்டில் உட்கார்ந்து அழவும் முடியாது. இந்த மூன்றாவதுதான் பலரை உடைத்துப் போட்டது.

2021இல் தடுப்பூசி வந்தது. மேல் மாகாணத்தில் 30 முதல் 60 வயது வரையானவர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். வெளியில் நடமாடி வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான் என்பது காரணம். சாகிறவர்கள் ஒரு பக்கம், ஊசி இன்னொரு பக்கம். எதிர்ப்பு வந்த பிறகுதான் 60 வயதைத் தாண்டியவர்கள் பக்கம் திரும்பினார்கள்.

நம் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். "தூக்கம் வரல்ல, சோறு எறங்கல்ல, நெஞ்சு படபடங்குது" என்பார்கள். "வயசானா அப்படித்தான்" என்று இரண்டு பெனடோலைக் கொடுத்து அனுப்பும் டிஸ்பென்சரிகளும் உண்டு. வயதைக் காட்டி ஒதுக்குவதால் மட்டும் உலகத்தில் 63 இலட்சம் பேருக்கு மனச்சோர்வு வந்திருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் கணக்குச் சொன்னது. இது வயசுக் கோளாறு அல்ல, நோய். மருந்து உண்டு.

தோட்டத்தில் ஒரு ஆளுக்கு மதிப்பு, பேர் விழும் வரைதான். அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதா மாதம் ஓய்வூதியம் வருகிறது. நமக்குச் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒருமுறைதான். அதுவும் கூரைத் தகரத்துக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விடும். பிறகு வெற்றிலைக்கும் மகனிடம் கை நீட்ட வேண்டும். ஊரடங்கில் மகனுடைய கொழும்பு வேலையும் போனபோது, "நான் இருக்கிறதே பாரம்" என்று எத்தனை தாய்மார் சொன்னார்கள்! அதைப் புலம்பல் என்று எடுக்காதீர்கள். அப்படிச் சொல்கிறவரைத் தனியே விடாதீர்கள். 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் தமிழிலும் பேசலாம்.

செக்ரோலில் பேர் நின்றதும் சந்தாவும் நின்றுவிடுகிறது. சந்தா நின்றவருக்கும் சங்கத்தில் இடம் வேண்டும், ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஓய்வு பெற்ற ஒருவர் உட்கார வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. சேவைக்காலப் பணத்தை இழுத்தடிக்கும் நிர்வாகத்திடம் அவருக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த கூட்டத்துக்கு வரும் தலைவர்மாரும் தலைவிமாரும், தங்கள் லயங்களில் தனியே இருக்கும் பெரியவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். சேவைக்காலப் பணம் இன்னும் கைக்கு வராதவர்களின் பெயருக்குக் கீழே கோடு போட்டுவிடுங்கள்.