சிவப்புக் கப்பல் நம்முடையது

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

யாங்கோன் நகரத்துக்கு மேற்கே, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லைங் தாயாவிலிருந்து பேசுகிறேன். இங்கே இப்போது கரண்ட் இல்லை. பேட்டரியை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் நான் காணாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

‘இரண்டாம் பாகம்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நாவல்களைப் பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் நர்ஸிங் டிப்ளமோ படித்தவள். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு வீடியோ கேம். பெயர் கலாகா.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் இதை ஆடியிருப்பீர்கள். சிங்கப்பூரிலோ கொழும்பிலோ சென்னையிலோ, டிவியில் செருகி ஆடும் அந்தப் பெட்டி எல்லா இடத்துக்கும் வந்தது. ஜப்பானில் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கில் விளையாட்டுகள் என்று அட்டையில் போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆடவிடுவார்கள். இன்றும் உள்ளங்கை அளவுப் பெட்டியில் அதே விளையாட்டுகளைப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

முதலில் வரலாறு. 1978இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கொண்டுவந்தது. வேற்றுக்கிரகப் படை வரிசையாக இறங்கும், கீழேயிருந்து நாம் சுட வேண்டும். அடுத்த ஆண்டு நாம்கோ நிறுவனம் கலாக்ஸியனை வெளியிட்டது. அதில் எதிரிகள் வரிசையை விட்டுப் பிரிந்து நம்மேல் பாய்வார்கள். அதன் இரண்டாம் பாகம்தான் 1981இல் வந்த கலாகா.

இரண்டாம் பாகம் என்றால் வழக்கமாக என்ன செய்வார்கள்? கூட்டத்தைக் கூட்டுவார்கள், வேகத்தைக் கூட்டுவார்கள். கலாகாவிலும் வேகம் கூடியது. ஆனால் அதைச் செய்தவர்கள் வேறொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். கலாக்ஸியனில் நம் கப்பல் அடிபட்டால் வெடிக்கும், அத்தோடு அதன் கதை முடிந்தது. நாம் இழந்த கப்பல் சாகாமல் எதிரியிடம் இருந்தால்? இதுதான் அந்தக் கேள்வி.

கலாகாவில் மேல்வரிசையில் நான்கு தலைவர்கள் நிற்பார்கள். அவர்களில் ஒருவன் பாதி தூரம் இறங்கி வந்து ஓர் ஒளிவலையை விரிப்பான். அதில் சிக்கினால் நம் கப்பல் சுழன்று சுழன்று மேலே போகும். போய்ச் சேரும்போது அதன் நிறம் மாறிவிடும். வெள்ளைக் கப்பல் சிவப்பாகி எதிரியின் வரிசையில் நிற்கும். தலைவன் நம்மேல் பாயும்போது அதுவும் அவனோடு சேர்ந்து பாயும்.

இனி நாம் என்ன செய்யலாம்? சிவப்பாகிவிட்டதே என்று அதைச் சுட்டால் அது வெடித்துவிடும், நம் கப்பல் நம் கையாலேயே ஒழியும். தலைவன் வரிசையில் நிற்கும்போது அவனைச் சுட்டாலும் மீட்பு கிடைக்காது. அவன் கப்பலை இழுத்துக்கொண்டு பாய்ந்து வரும் அந்தச் சில நொடிக்குள் அவனை மட்டும் சுட வேண்டும். அவனுக்கு இரண்டு அடி தேவை. இவ்வளவும் சரியாக நடந்தால் சிவப்புக் கப்பல் வெள்ளையாகி, இறங்கி வந்து, நம் பக்கத்தில் ஒட்டி நிற்கும்.

இரண்டாம் பாகம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. முதல் பாகம் முடித்துவைத்த இழப்பை மறுபடி திறந்து பார்ப்பது. நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் ஓரமாக நின்ற மாதவியின் மகளை எடுத்துக்கொண்டு மணிமேகலை தொடங்குகிறது. அவள் சிறைக்குள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. சிலம்பில் ஒரு தவறான தீர்ப்பால் ஊரே எரிந்தது. அடுத்த காப்பியம் சிறையின் கதவைத் திறக்கிறது.

இப்போது விளையாட்டிலிருந்து வெளியே வருகிறேன். நான் இருக்கும் ஊர் தையல் தொழிற்சாலைகளின் ஊர். 2008 நர்கீஸ் புயலுக்குப் பிறகு டெல்டா பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே ஏராளம். இப்போது இங்கேயிருந்து பிழைக்கப் போகிறவர்கள் ஏராளம். எங்களுக்குக் கிழக்கே, வெகுதூரத்தில், தாய்லாந்து எல்லையில் மோய் ஆற்றங்கரையில் மியாவாடி என்ற ஊர் இருக்கிறது. தமிழ்ச் செய்திகளில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள்.

கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், தாய்லாந்து என்று விளம்பரம் வரும். பேங்காக் வரை விமானம், பிறகு கார், பிறகு ஆறு. அக்கரை போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேலை என்னவென்றால் இணையத்தில் ஆள் ஏமாற்றுவது. பொய்க் காதல், பொய் முதலீடு. மறுத்தால் அடி. ஏமாந்து வந்தவரையே அடுத்தவரை ஏமாற்ற உட்காரவைப்பார்கள். சிவப்புக் கப்பல் என்று நான் சொன்னது இதைத்தான்.

2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர் இப்படிக் கட்டாயத்தில் சிக்கியிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படையின் இரண்டு விமானங்களில் 549 பேர் ஊர் திரும்பினார்கள்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு பிள்ளைக்கு நான் புண் கட்டியிருக்கிறேன். யார், எங்கே என்று சொல்ல மாட்டேன், நர்ஸ் சொல்லக் கூடாது. வீட்டில் அக்கம்பக்கத்தாரிடம் தாய்லாந்துத் தொழிற்சாலையில் இருந்தான் என்று சொல்லிவைத்திருந்தார்கள். முதுகுப் புண் ஆறிவந்த நேரம் அவன் கேட்டான்: “அக்கா, என்கிட்ட காசு விட்டவங்க என்னைப் பாத்தா என்ன செய்வாங்க?” வலிக்கு என்னிடம் மாத்திரை இருந்தது. அதற்கு ஒன்றுமில்லை. “முதல்ல சாப்பிடு” என்றேன்.

காசு இழந்தவர்களின் வலியை நான் சிறிதாக்கவில்லை. ஓய்வூதியம் முழுவதையும் பறிகொடுத்தவர்கள் உங்கள் ஊர்களிலும் இருப்பார்கள். கோபம் நியாயம். அந்தக் கோபம் யார்மேல் பாய வேண்டும் என்பதுதான் கேள்வி. கட்டாயத்தால் செய்த குற்றத்துக்காகக் கடத்தப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஆனால் ஊர் வாய் அதைப் படிப்பதில்லை. “பேராசை பிடிச்சுப் போனான்”, “அவனும் திருடன்தானே” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் தலைவனை விட்டுவிட்டுச் சிவப்புக் கப்பலைச் சுடுகிறோம்.

விளையாட்டு இந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே ஒரு கப்பலைப் பிடிகொடுப்பார்கள், மீட்டால் இரட்டைத் துப்பாக்கி என்று கணக்குப் போட்டு. பிள்ளைகளை வைத்து யாரும் அப்படிக் கணக்குப் போட முடியாது. அங்கே மீண்ட கப்பல் அந்த நொடியே வெள்ளையாகிறது. மனிதன் அப்படி ஆவதில்லை. மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை அந்த விளையாட்டு சரியாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு கப்பல் சேர்ந்து நின்றால் துப்பாக்கி இரண்டு, அகலமும் இரண்டு. முன்பு உடம்பை ஒடுக்கி நழுவிய இடத்தில் இப்போது அடிபடும். திரும்பி வந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் வீட்டுக்கும் அதே கதிதான். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன், போலீஸ் விசாரணை, தங்கை கல்யாணத்தில் வரும் கேள்வி என்று எல்லாம் வீட்டின்மேல் விழும். தெரிந்தேதான் அந்த வீடு அவன் பக்கத்தில் நிற்கிறது. காணாமற்போன ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் மேய்ப்பனைச் சின்ன வயதிலிருந்து படத்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டின் கனத்தை அந்த வீட்டில்தான் நேரில் பார்த்தேன்.

முடிக்கிறேன், பேட்டரி சிவப்பு காட்டுகிறது. கலாகாவில் ஆட்டம் முடிந்ததும் ஒரு கணக்கு வரும். எத்தனை முறை சுட்டாய், எத்தனை பட்டது, நூற்றுக்கு எவ்வளவு என்று. எத்தனை பேரை மீட்டாய் என்ற வரி அதில் கிடையாது. அந்த வரியை யாராவது எழுதிவைக்க வேண்டும். இங்கே இருப்பவர்களில் எழுதுகிறவர்கள் பலர். உங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், முதலில் அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால், பெயரை மறைத்து எழுதுங்கள்.