உப்பும் மாத்திரையும்



அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டருகே மாலை வேளையில் சற்று நேரம் நின்றால், தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ஒருங்கே செவியில் விழும். சென்னையிலிருந்து கப்பலேறி வந்து இங்கே கடை வைத்திருப்போரும், கூலி வேலை செய்வோரும், அரசாங்க உத்தியோகம் பார்ப்போருமாக நம்மவர் பலர் உளர். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற இந்நகரிலிருந்து தெற்கே செல்லும் கப்பல்கள் நான்கௌரி தீவுக்கூட்டத்தை அடைகின்றன. அத்தீவுகளில் யானைக்கால் நோயை எதிர்த்து நடந்த போராட்டம், தாயகத்தை விட்டு எம்மாநிலத்தில் வாழும் தமிழருக்கும் ஒரு பாடமாகும். அதனையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

யானைக்கால் நோயை நம்மில் அறியாதவர் இலர். முன்னோர் சிலர் அதனைப் பாவத்தின் பயன் என்றனர்; தண்ணீர்க் குற்றம் என்றனர் வேறு சிலர். உண்மையில் அது ஒரு புழுவின் வேலை. 1872-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் என்னும் மருத்துவர் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனத்தின் அமோய் நகரில் பாட்ரிக் மான்சன் என்பவர், அப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். முதிர்ந்த புழு, நூலிழை போல நம் நிணநீர்க் குழாய்களில் ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள் வரை வாழ்கிறது. அது ஈனும் எண்ணற்ற நுண்புழுக்கள் இரத்தத்தில் உலவுகின்றன. கொசு ஒருவரைக் கடித்து அவற்றை உறிஞ்சி, சில நாட்கள் கழித்து மற்றொருவரிடம் சேர்க்கிறது.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். இரத்தத்தில் நுண்புழு உடையவரில் பெரும்பாலோருக்குக் காலில் வீக்கமும் இல்லை, உடலில் நோவும் இல்லை. அவர் திடகாத்திரமாக வேலைக்குப் போய் வருவார். ஆயினும் அண்டை அயலாருக்கு நோய் பரவுவது அவரிடமிருந்துதான். வீங்கிய காலைக் கண்டு அஞ்சுகிறோம்; வீங்காத காலுடையவரிடம் புழு இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் ஊர்ப்பக்கத்தில் இந்நோயைப் பரப்புவது சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு. அது இரவில் கடிக்கும். நுண்புழுவும் இரவில்தான் மேலோட்டமான இரத்தத்திற்கு வரும். ஆகையால் இரத்தப் பரிசோதனையும் இரவிலேயே நடைபெறும். சாக்கடையைச் சீர்செய்தும் கொசுவலை கட்டியும் ஓரளவு தப்பலாம். புதுச்சேரியில் 1981 முதல் 1985 வரை இவ்வகையான கொசு ஒழிப்பு முயற்சி பெரிய அளவில் நடைபெற்றது.

நான்கௌரி தீவுகளின் நிலை வேறு. காமோர்ட்டா, கச்சால், தெரெசா, சௌரா முதலிய தீவுகளைக் கொண்ட அக்கூட்டத்தில், நிவியஸ் என்னும் காட்டுக் கொசு இந்நோயைப் பரப்புகிறது. அது மரப்பொந்துகளில் தேங்கும் நீரில் பிறந்து, பகலிலே கடிக்கும். அங்குள்ள நுண்புழுவும் பகலில் மிகுதியாக உலவும் இயல்பினது. இவ்வகை இந்தியாவில் வேறெங்கும் காணப்படவில்லை. பகலில் தோட்டத்தில் உழைப்பவனுக்குக் கொசுவலை என்ன செய்யும்? காட்டிலுள்ள மரப்பொந்துகளை யார் அடைப்பார்? கச்சால் தீவின் இரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டன என்பதை எண்ணும்போது, இது நமக்கு அயலார் கதையன்று.

ஆகவே எஞ்சிய வழி மருந்து ஒன்றே. டி.இ.சி. மாத்திரையை ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் அனைவருக்கும் வழங்கும் திட்டம் நம் நாட்டில் 2004-இல் விரிவாகத் தொடங்கிற்று; பின்னர் அல்பெண்டசோல் மாத்திரையும் அதனுடன் சேர்ந்தது. ஆண்டுகள் பல சென்றும் நான்கௌரியில் புழு முற்றிலும் அடங்கவில்லை. மருந்து கிடைத்தும் விழுங்காதோர் சிலர் இருந்தால், அவர்களிடம் புழு தங்கிவிடுகிறது.

அப்போது ஆராய்ச்சியாளர் உப்பை நாடினர். 1980-களில் நம் காரைக்காலில் டி.இ.சி. கலந்த உப்பு வழங்கி நற்பயன் கண்டதுண்டு. சீனமும் இவ்வழியைப் பெரிய அளவில் கையாண்டது; அந்நாட்டில் இந்நோய் ஒழிந்துவிட்டதென்று 2007-இல் உறுதி செய்யப்பட்டது. அதே முறையில் நான்கௌரியிலும் மாத்திரையோடு மருந்துப்பும் வழங்கியபோது, நுண்புழு உடையோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாயினர்.

உப்பு ஏன் வென்றது? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. நோயுற்றவரும் நோயற்றவரும், படித்தவரும் படியாதவரும் உப்பை விலக்குவதில்லை. மருந்து எல்லார் உடலிலும் சேர்ந்தது. புழுவுக்கு ஒளிய இடமில்லை. அந்த உப்பைப் போலவே மாத்திரையும் வீட்டிலுள்ள ஒருவரையும் விடாது சேர வேண்டும்.

"எனக்கு என்ன வியாதி? எனக்கெதற்கு மாத்திரை?" என்று கடைத்தெருவில் கேட்போர் உண்டு. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறப்போரும் உண்டு. அன்பர்களே, மாத்திரை நமக்காக மட்டுமன்று, பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகவும் நாம் விழுங்குவது. மருந்து நுண்புழுக்களை அழிக்கும். முதிர்ந்த புழுவோ எளிதில் சாவதில்லை. ஆகையால் ஓராண்டு உண்டு மறு ஆண்டு விடுவதால் பயன் குறையும். சிலருக்குக் காய்ச்சலோ தலைசுற்றலோ தோன்றலாம். அது பெரும்பாலும் புழு மடிவதன் அடையாளம்; விரைவில் தணியும்.

வெறும் வயிற்றில் உண்ணலாகாது. கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கடும் நோயுற்றோருக்கும் கொடுக்கலாகாது. மற்றோர் மருந்து வழங்குபவரின் முன்னிலையிலேயே விழுங்குதல் நன்று. அல்பெண்டசோல் குடற்புழுக்களையும் போக்குவதால், குழந்தைகளின் இரத்தசோகையும் சோர்வும் குறையும் என்பது கூடுதல் நன்மை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தோர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. பெயர்ப் பட்டியலிலும் விடுபடுவதுண்டு. நீங்கள் வாழும் மாவட்டத்தில் மருந்து வழங்கும் நாள் எது, மையம் எங்கே என்று நீங்களே கேட்டறியுங்கள். இப்பணி பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடைபெறுகிறது. அறையில் உடன் தங்கியிருப்போரையும் அழைத்துச் செல்லுங்கள். முன்னமே கால் வீங்கியவரை ஒதுக்காதீர்கள். நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, புண் வராமல் காத்தால் துன்பம் தணியும்.

இலங்கையில் இந்நோய் ஒழிந்தது 2016-இல் உறுதியாயிற்று. 2027-க்குள் நாமும் அந்நிலையை எய்த வேண்டுமென்பது நம் நாட்டின் குறிக்கோள். அது வைத்தியர் ஒருவரால் ஆவதன்று; வீட்டுக்கு வீடு, வாய்க்கு வாய் ஆகவேண்டிய காரியம். உங்கள் பங்கு ஒரு மிடறு தண்ணீரே.