செடிக்கும் பறவைக்கும் பெயர் உண்டு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பின்பக்கக் காலி இடத்தில் களைக்கொல்லி அடித்து, பேவர் பிளாக் பதிப்பது பற்றி இன்று முடிவெடுக்க இருக்கிறோம். அதற்கு முன் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

வங்கியில், யாருடையது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். ஆள் தெரிந்ததும் உரிய கணக்குக்கு மாற்றியாக வேண்டும். பெயர் தெரியாத செடிகளை நாமோ 'களை' என்ற ஒரே தலைப்பில் எழுதி, விசாரிக்காமலே தள்ளுபடி செய்துவிடுகிறோம்.

போன வாரம், தோட்ட வேலைக்கு வரும் அக்காவுடன் அந்த இடத்தைச் சுற்றி வந்தேன். அரை மணி நேரத்தில் பத்தொன்பது செடிகளுக்குப் பெயர் சொன்னார். இலைக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பது கீழாநெல்லி. நடப்பவர் துணியில் ஒட்டிக்கொண்டு வருவது நாயுருவி. முடக்கை அறுப்பது முடக்கத்தான். பெயரைக் கேட்டாலே செடியை அடையாளம் காணலாம், அல்லது அது எதற்கு என்று ஊகிக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இதில் தெரிந்தது தொட்டாற்சுருங்கி ஒன்றுதான்.

அந்தத் தொட்டாற்சுருங்கி நம் ஊர்ச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உண்ணிச்செடியும், குளத்தை மூடும் ஆகாயத்தாமரையும் அப்படித்தான். வந்த செடியைப் பார்த்து, பழகி, தமிழில் பெயர் வைத்தவர்கள் வயலிலும் குளக்கரையிலும் நின்ற சாதாரண மக்கள். அதற்குக் குழு எதுவும் கூடவில்லை.

பறவைகளுக்கும் அப்படியே. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டதுபோல் நீந்துவது நாமக்கோழி. நத்தையைக் கொத்தித் தின்பது நத்தைக்குத்தி நாரை. கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டிப் பாம்புபோல் தெரிவது பாம்புத்தாரா. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. உலகம் மதிக்கும் குளம் பக்கத்தில் இருக்க, நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் 'கொக்கு' என்கிறார்கள்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் இல்லை. பிரிட்டனில் ஆங்கிலத்தின் நிழலில் வாழும் வேல்ஸ் மொழிக்காரர்கள் 1978-இல் எட்வர்ட் லூயிட் பெயரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். கூட்டாக நடைபோய், செடிகளையும் பறவைகளையும் தங்கள் மொழியில் சொல்லிப் பழகுகிறார்கள். அவர்கள் மொழியில் ஒரு காட்டுப்பூவுக்கு 'நாய் விரல்கள்' என்று பெயர். பொறிவண்டுக்குப் பெயர் 'குட்டைச் சிவப்புப் பசு'. நம் நாயுருவிக்கு உறவுக்காரர்கள் என்றே தோன்றுகிறது.

பெயரில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கணக்குப் பார்த்துப் பழகியவன், சொல்கிறேன். மாமரத்தின் உலக அறிவியல் பெயர் 'மாஞ்சிஃபெரா'. அதில் இருப்பது நம் மாங்காய்தான். ஆடாதோடையின் பெயரும் அப்படியே அறிவியல் பெயரில் இருக்கிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களைக் கேட்டுத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. சொல்ல ஆள் இருந்ததால் அந்த நூல் வந்தது.

இன்னும் பக்கத்தில் ஒன்று. 1987-இல் அகத்தியமலைக்கு ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணி மக்கள் ஏதோ பழத்தைத் தின்றுகொண்டு சோர்வில்லாமல் மலையேறியதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமக் கட்டணம் பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீத ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளிலும் காணி மக்கள் வாழ்கிறார்கள்.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள உயிர்களையும் அவை பற்றிய மக்கள் அறிவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பேரேடு தயார்தான். பதிவு போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே செடிக்குப் பல பெயர் இருக்கும்: கரிசலாங்கண்ணியும் கையாந்தகரையும் ஒன்று. ஒரே பெயரில் இரண்டு செடி இருக்கும்: வெள்ளைக் கரிசலாங்கண்ணி வேறு, மஞ்சள் வேறு. எனவே பெயர் கற்றுக்கொண்டதும் பறித்துத் தின்ன வேண்டாம். ஊர்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதுவோம்.

என் கோரிக்கை மூன்று. களைக்கொல்லியை அடுத்த கூட்டம் வரை நிறுத்தி வையுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை, பிள்ளைகள் அந்த அக்காவோடு சுற்றிவந்து நோட்டில் எழுதட்டும். அந்த நேரத்துக்கு அவருக்குச் சங்கம் தனியாகச் சம்பளம் கொடுக்கட்டும், ஏனென்றால் அது ஆசிரியர் வேலை. மூன்றாவது, நடைபாதைக்குத் தேவையான அகலத்துக்கு மட்டும் கல் பதித்து, மிச்சத்தை மண்ணாகவே விடுவோம்.

எழுதி முடித்த பிறகும் கல்தான் வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால், நானும் கையெழுத்துப் போடுகிறேன். எதை அழிக்கிறோம் என்றாவது தெரிந்து போடுவோம்.