நொந்த விரலும் நல்ல நாதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த புத்தூரிலே, இந்து வாலிபர் மேடையொன்றில், கிற்றார் வாத்தியத்தைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரியோர் சிலர் புருவம் நெரிப்பது தெரிகிறது. வயலினும் ஒருகாலத்தில் அந்நிய வாத்தியமே. பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கர்நாடக சங்கீதத்துக்கு இசைவித்தார். இன்று வயலின் இல்லாவிட்டால் கச்சேரி சோபிக்காது என்கிறோம். ஆகையால் வாத்தியத்தின் குலங்கோத்திரத்தை விட்டு, அதை வாசிக்கும் கையைப்பற்றிப் பேசுவோம். அதுவும் நோகின்ற கையைப்பற்றி.

நோயும் இசையும் ஓரிடத்தில் இருக்குமா என்று கேட்டால், சைவர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் அப்பர் சுவாமிகள். சூலைநோய் குடலை முறுக்கிய வேளையிலே திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியாரிடம் திருநீறு பெற்று, வீரட்டானத்து இறைவன் சந்நிதியில் நின்று பதிகம் பாடினார். சூலை நீங்கிற்று என்று பெரியபுராணம் கூறுகின்றது. இதைச் சொல்லும்போதெல்லாம் நோய் நீங்கியதையே நாம் பெரிதாகச் சொல்லுகிறோம். வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். பாட்டுப் பிறந்த நேரத்தில் நோய் உள்ளேதான் இருந்தது. குணமானபின் பாடுகிறேன் என்று அவர் தவணை கேட்கவில்லை.

இனிக் கிற்றாருக்கு வருவோம். 1910ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் நாடோடிக் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். பள்ளிக்கூடம் அறியாதவர், இசைக்குறியீடு வாசிக்கவும் தெரியாது. பாரிஸ் நகரின் ஓரத்திலே கூட்டுவண்டியில் குடியிருந்தார். 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஓரிரவு, அவர் மனைவி விற்பதற்காகச் செய்துவைத்திருந்த செலுலாயிட் பூக்களில் மெழுகுதிரிச் சுடர் பற்றியது. வண்டி முழுவதும் எரிந்தது. பதினெட்டு வயது வாலிபனின் காலும் இடது கையும் வெந்துபோயின. காலை வெட்டவேண்டும் என்றனர் வைத்தியர், அவர் உடன்படவில்லை. கால் தப்பியது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிவிட்டன.

கிற்றாரில் இடது கையின் நான்கு விரல்களும் கழுத்துப் பலகையில் தந்தியை அழுத்தி ஓடவேண்டும். இரண்டு போனால் வாத்தியமே போயிற்று என்றுதான் எவரும் சொல்லுவர். ஒன்றரை ஆண்டளவு நீடித்த சிகிச்சைக்காலத்தில் அவர் தம்பி ஒரு கிற்றாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தம்பியைப்பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அவர்மீதுதான் பெருமதிப்பு. ஜாங்கோ மிஞ்சிய இரண்டு விரல்களால் தந்தியின் நீளத்திலேயே மேலும் கீழும் ஓடப் பழகினார். மடங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும்போது மேல் தந்திகளில் அவற்றை ஊன்றிக்கொண்டார். 1934இல் வயலின் வித்துவான் ஸ்தெபான் கிரப்பெல்லியுடன் சேர்ந்து பாரிஸில் அவர் அமைத்த ஐவர் குழு ஐரோப்பா எங்கும் பேர்பெற்றது. 1953இல் அவர் காலமானார். அவருடைய விரலோட்டத்தை, நான்கு விரலும் நலமாய் உள்ளவர்கள் இன்றும் வருந்திப் பயில்கிறார்கள்!

அவர் இசைத்தட்டு ஒன்று வேறொரு வாலிபனையும் காப்பாற்றியது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகர ஆலைத் தொழிலாளியாயிருந்த தோனி அயோமி, பதினேழாவது வயதில், வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று இரண்டு விரல்களின் நுனியை யந்திரத்துக்குப் பறிகொடுத்தார். மனம் உடைந்திருந்த அவருக்கு ஆலை மேற்பார்வையாளர் ஜாங்கோவின் இசையைப் போட்டுக் காட்டி, வாசித்தவரின் கதையையும் சொன்னார். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்தி பூட்டினார். பின்னாளில் சுருதியையும் தாழ்த்தித் தந்தியின் இறுக்கத்தைக் குறைத்தார். அந்தக் கனத்த ஒலியே ஒரு புது இசைவகைக்கு அடையாளமாயிற்று. அந்த இசை என் செவிக்குச் சற்று இரைச்சல்தான். அது வேறு கதை. விரல் தொப்பி என்றதும் சிரிக்கவேண்டாம். நம் தவில் வித்துவான்கள் வலது கை விரல்களில் மாட்டும் கூடு வேறென்ன? வாத்தியத்துக்காக உடம்பை வதைக்காமல் இடையிலே ஓர் உபாயம் வைத்தவர்கள் நம் முன்னோர்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். வலியை மிதித்துக்கொண்டு சாதகம் செய்வது வீரமாகாது. அமெரிக்கப் பியானோ மேதை லியோன் பிளைஷர் 1960களின் நடுவில் வலது கை விரல்களின் வசத்தை இழந்தார். அளவுமிஞ்சிய சாதகமே காரணம் என்று அவரே கருதினார். முப்பது ஆண்டளவு இடது கையால் மட்டும் வாசித்தும், சீடர்களுக்குப் போதித்தும் வாழ்ந்து, பிற்காலத்திலேதான் இரு கையாலும் மீண்டும் வாசித்தார். ஆகவே, தம்பிமாரே, கை நொந்தால் நிறுத்துங்கள். பத்து நிமிஷம் வாசித்தால் பத்து நிமிஷம் ஆறுங்கள். மரத்துப்போனால் வைத்தியரிடம் போங்கள்.

ஆனந்தம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கவனம் வேறொன்றில் ஊன்றும்போது வலியின் உணர்ச்சி தணிகிறது என்பது வைத்திய நூலார் ஒப்புக்கொண்ட விஷயம். வாசிக்கும்போது வலி வீட்டைவிட்டுப் போய்விடாது; எழுந்து திண்ணைக்குப் போய் இருக்கும். வாத்தியத்தை வைத்ததும் திரும்ப உள்ளே வரும். அந்த இடைவேளை கால்மணி நேரமானாலும் அது முழுச் சுகம். 2012ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி, தொண்ணூற்றிரண்டு வயதுப் பண்டிதர் ரவிசங்கர், கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில், பிராணவாயுக் குழாயோடு மேடையில் அமர்ந்து மகள் அனுஷ்காவுடன் சித்தார் வாசித்தார். அடுத்த மாதமே காலமானார். அவருக்குப் பேரோ பணமோ அன்று தேவைப்பட்டிருக்குமா?

நம் ஊருக்கு வருவோம். 2009இல் யுத்தம் முடிந்தது. உடம்பிலே புதைந்த சன்னங்கள் பலருக்கு இன்னும் முடியவில்லை. செயற்கைக் காலோடு நடப்பவர்களும், மழைக்குளிரில் பழைய காயம் நோகிறவர்களும் நம் அயலிலே இருக்கிறார்கள். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துத் தோள்மூட்டுத் தேய்ந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் எவரேனும் சங்கீத வகுப்பு வாசலில் வந்து நின்றால், "சுகமாகட்டும், பிறகு வாருங்கோ" என்று அன்பாகத்தான் சொல்லி அனுப்புவோம். அந்தப் பிறகு சிலருக்கு வராது.

வீணைக்குச் சம்மணமிட்டு இருக்கவேண்டும். கிற்றாரைக் கதிரையில் இருந்தே வாசிக்கலாம். நான் கிற்றாரை எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். சங்க மண்டபத்து வகுப்பில் பாய்களோடு கைப்பிடியில்லாத நான்கு கதிரைகளும் போடும்படி நிர்வாக சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன். மெல்லிய தந்தி பூட்டிய பழைய கிற்றார் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நாளைக்கே கொண்டுவந்து மண்டபத்தில் வைத்துவிடுகிறேன்.