லேப்டாப் திரை கறுத்து நின்றால் என்ன செய்வது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வல்லம் வடகாலில் பல வீடுகளில் பரண் மேல் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததாக இருக்கலாம்; வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியதாக இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய ப்ராசசரும் வேண்டும். பழைய லேப்டாப்கள் பலவற்றில் அவை கிடையாது. அதனால் பலர் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள். இது நமக்கு அந்நியமானதும் இல்லை. எல்காட் மூலம் வழங்கிய அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

பென் டிரைவைச் செருகி, மெனுவில் 'ஸ்டார்ட்' கொடுத்ததும் திரை கறுத்துவிடும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு" என்று முடிவு கட்டி, காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறோம். உள்ளே குடும்பப் புகைப்படமும் ஆதார் நகலும் மார்க் ஷீட்டும் அப்படியே இருக்கும். பிள்ளைக்குப் படிக்க ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல் போகும்.

இங்கே பாதிப்பேர் தொழிற்சாலை லைனில் வேலை செய்பவர்கள். லைன் நின்றால் மொத்த மெஷினையும் கழற்றுவோமா? எந்த ஸ்டேஷனில் நின்றது என்றுதான் முதலில் பார்ப்போம். இதற்கும் அதே வழிதான்.

முதல் கேள்வி: லேப்டாப் ஓடுகிறதா? கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே வேலை நடக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. விளக்கு தானாகவே விட்டுவிட்டு மினுக்கினால் லினக்ஸ் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். அடுத்து, இருட்டில் செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் திரையின் பின்விளக்கு எரியவில்லை. முதலில் பிரைட்னஸ் பட்டனை ஏற்றிப் பாருங்கள். வீட்டு டிவியை எச்டிஎம்ஐ வயரில் இணைத்தும் பார்க்கலாம்.

இரண்டாவது: ஆன் செய்ததும் கம்பெனி லோகோ வருகிறதா? அதுவே வரவில்லை என்றால் நாம் போடும் லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராம் சரியாக உட்காராததும் காரணமாக இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மூன்றாவது: லோகோவும் மெனுவும் வந்து, அதன் பிறகு கறுத்தால்? பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். மெனு வரைக்கும் திரையை லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள் காட்டுகிறது. அடுத்து லினக்ஸ் கெர்னல் தன் கிராஃபிக்ஸ் டிரைவரோடு திரையைக் கையில் எடுக்கும். அந்த டிரைவர் நம் கார்டுக்குப் பொருந்தாவிட்டால் திரை இருண்டுவிடும். தனியாக என்விடியா கார்டு உள்ள லேப்டாப்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இதற்கு வழி மெனுவிலேயே இருக்கிறது. உபுண்டுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்', லினக்ஸ் மின்ட்டில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அப்படி வரி இல்லையென்றால், மெனுவில் 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதை அடுத்து ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நோ, மோட், செட் என்ற மூன்று சொற்களையும் சின்ன எழுத்தில், இடைவெளியில்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும். பிறகு எஃப்10. டிரைவரை ஏற்றாமல் சாதாரணப் படத்தோடு தொடங்கு என்பதுதான் அந்தச் சொல்லின் வேலை.

அதற்கும் அசையவில்லை என்றால் பென் டிரைவைச் சந்தேகப்படுங்கள். ஃபைலை மறுபடி இறக்கி, மறுபடி எழுதி, வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள்.

நான்காவது: இன்ஸ்டால் நன்றாக முடிந்து, ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி கறுக்கலாம். பயப்பட வேண்டாம். நாம் அடித்த சொல் அந்த ஒரு முறைக்குத்தான் செல்லும். ஆன் செய்ததும் எஸ்கேப் பட்டனையோ, பழைய மாடலில் ஷிஃப்ட் பட்டனையோ அழுத்தி மெனுவை வரவழைத்து, அதே சொல்லை மீண்டும் சேருங்கள். உள்ளே போனதும் அப்டேட் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் சரியான டிரைவரைப் போடுங்கள். அதன் பிறகு அந்தச் சொல் தேவைப்படாது. அதை நிரந்தரமாக வைத்தால் வீடியோ திணறும், பிரைட்னஸ் மாறாது.

இரண்டு எச்சரிக்கைகள். இன்ஸ்டால் தொடங்கும் முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தால் மொத்தமும் போய்விடும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டால் உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். மவுஸை அசைத்துப் பாருங்கள், டிஸ்க் விளக்கு ஓடுகிறதா என்று கவனியுங்கள், பொறுத்திருங்கள்.

லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நன்றாக ஓடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை தட்டச்சு பழகவும், பாடம் பார்க்கவும், ஐடிஐ முடித்த தம்பி விண்ணப்பம் அனுப்பவும் அது போதும்.

லேப்டாப் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்மேசைக்கு வாருங்கள், சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று சேர்ந்தே பார்த்துவிடுவோம்.