பிள்ளை பின்தங்குவது ஏன்?



நான்கு மாதத்தில் குழந்தைக்குத் தலை நிற்கும். ஒன்பது மாதத்தில் தானாக உட்காரும். ஒன்றரை வயதுக்குள் நடக்கும். சில சொற்களாவது பேசும். கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் ஒவ்வொன்றாகத் தவறிக்கொண்டே போனால் அதை வளர்ச்சித் தாமதம் என்கிறோம்.

அப்போது லயத்தில் என்ன பேசுகிறார்கள்? "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்று பழியைத் தாயின் தலையில் போடுகிறார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டௌன் சின்ட்ரோம் போன்றவை கருவிலேயே அமைபவை. யாருடைய குற்றமும் அல்ல. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் சில பரம்பரை நோய்களுக்கு இடம் கூடுகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்; ஆனாலும் உண்மை அதுதான். கர்ப்பிணி குடிக்கும் சம்சு, கள் மட்டுமல்ல, "உடம்புக்குத் தெம்பு" என்று கொடுக்கும் ஸ்டவுட்டும் கருவின் மூளையைக் கெடுக்கும்.

தடுக்கக்கூடிய காரணங்களில் முக்கியமானது மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைகள் பலருக்கு இது வந்து தானே போகும். ஆனால் அளவு மீறினால் அந்த மஞ்சள் மூளைக்குள் இறங்கிவிடும். பிறகு கைகால் சொன்னபடி கேட்காது; காதும் மந்தமாகும். காலை வெயிலில் காட்டுவது இதற்கு வைத்தியம் ஆகாது. நீல விளக்கின் கீழ் வைக்கவேண்டும். தீட்டுக் கழியவில்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அந்த நேரமே புறப்படுங்கள்.

ஜி-சிக்ஸ்-பி-டி குறை உள்ள பிள்ளைக்கு இந்த ஆபத்து அதிகம். இக்குறை ஆண் பிள்ளைகளிடம்தான் கூடுதல். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் வாடையே அப்பிள்ளையின் இரத்த அணுக்களை உடைத்துவிடும். பிள்ளைத் துணியோடு அதைப் போடவே வேண்டாம்.

இன்னொன்று தைராய்டு. இந்தச் சுரப்பி வேலை செய்யாமல் பிறக்கும் பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு ஒழுங்காக வளரும். மாதக்கணக்கில் விட்டால் இழந்ததை மீட்க முடியாது. அரசாங்க மருத்துவமனைகளில் இந்த இரண்டு குறைகளையும் தொப்புள்கொடி இரத்தத்திலேயே சோதிக்கிறார்கள். முடிவை மிஸ்ஸியிடம் கேட்டு வாங்குங்கள். மறுபடி வரச் சொன்னால், "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, ஒருநாள் சம்பளம் போகுமே" என்று தள்ளிப்போடக் கூடாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. இரத்தசோகை பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் பிடித்து இழுக்கும். கஞ்சியோடு மீன், முட்டை, ஈரல், பருப்பு, கீரை சேருங்கள். சோற்றோடு தேத்தண்ணி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

ஆயாக் கொட்டகையில் விடும் பிள்ளையா? மாலையில் தூக்கியதும் பேச்சுக் கொடுங்கள். பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால், பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அடுத்த ஊசிக்குக் காத்திராமல், கிளினிக்கில் கொடுத்த பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள்.